சித்தப்பா கொடுத்த கே1000

பென்டாக்ஸ் கே1000, ஃபிலிம் கேமரா. 1976-ல் வந்து 1997 வரை தயாரான மாடல். சித்தப்பா என் கையில் கொடுத்து நான்கு வருடமாகிறது. ஷட்டர் முழுக்க இயந்திரம்தான். பொத்தான் பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டும். அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். ஒளிமானியை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸுக்கு மூடி போட்டால் போதும்.

நேற்று மாலை அம்மா முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்தேன். நடு வட்டத்தில் அவர் முகம் பொடிப்பொடியாக மினுங்கியது. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்பினேன். கொஞ்சம் தாண்டிவிட்டது, திரும்பப் பின்னால் வந்தேன். சட்டென்று மூக்குத்தி தெளிந்தது. வலப்பக்க ஒளிமானி முள் நடுவில் நிற்க ஷட்டர் வேகம் 1/60 நொடி, லென்ஸ் திறப்பு எஃப் 2. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அந்த 'டக்' சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன மாதம் ஒரு ரோல் முழுக்கப் போச்சு. ஃபிலிம் நுனி சுருளில் மாட்டவே இல்லை, 36 படமும் வெறுமை. தங்கை மகளின் காதுகுத்தும் அதில்தான். அப்புறம் ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போதெல்லாம் இடப்பக்கக் குமிழ் கூடவே சுற்றுகிறதா என்று பார்த்துவிடுகிறேன். சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம்.

நேற்று சுற்றியது. இந்த ரோலில் இன்னும் 11 படம் பாக்கி. அதுவரை அம்மாவின் முகம் உள்ளேயே இருக்கட்டும்.