குடவோலை ஊரில் காய்ந்த நெல்

கல்வெட்டு பார்க்கத்தான் சென்னையிலிருந்து வண்டியை எடுத்தேன். வழியில் மறித்தது நெல். செங்கல்பட்டு தாண்டி உத்திரமேரூர் சாலையில் ஓரிடத்தில் பாதி ரோட்டை அடைத்து நவரைப் பருவ அறுவடை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு ஆயா வெறுங்காலோடு நெல்லுக்குள் கோடு கோடாக நடந்து, பாதத்தாலேயே கிளறிவிட்டார்.

"அந்தாண்ட வுடு தம்பி, நெல்லு செதறும்."

ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அங்கே அதற்கு மீட்டர் உண்டு. ஆயாவுக்குப் பல்தான் மீட்டர். ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். "இன்னும் ஒரு வெயிலு காயணும்."

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், 919, 921ஆம் ஆண்டுகளில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய எழுத்துகள். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைச் சொல்பவை. 30 குடும்புகள் (இன்றைய வார்டுகள் மாதிரி), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வது எல்லாம் பாடப்புத்தகத்திலேயே படித்தது. எனக்குப் பிடித்தது வேறொரு விதி: பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவுக்காரர்களும் அடுத்து நிற்க முடியாது. எங்கள் அடுக்ககச் சங்கத்தில் கணக்குக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது!

ஆனால் அது பிராமணச் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் பயிற்சி எல்லாம் கேட்டார்கள். சேற்றில் இறங்கி உழுதவன் பெயர் குடத்துக்குள் போயிருக்காது. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஏரியைக் கவனிக்க அன்றைக்கு 6 பேர் கொண்ட ஏரி வாரியம். இன்றைக்கு எப்படி என்று டீக்கடையில் ஒரு விவசாயியிடம் கேட்டேன்.

"முன்னெல்லாம் வூட்டுக்கு ஒரு ஆளு வந்து கால்வா வெட்டுவோம் சார். இப்ப யாரு வராங்க? ஆனா கடமடைக்குத் தண்ணி போவலன்னா மட்டும் எல்லாரும் மதகாண்ட வந்துடுவாங்க, சண்டைக்கு" என்று சிரித்தார்.

ஏரிக்கரையில் அரை மணி நேரம் பனை நிழலில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினேன்.

திரும்பும்போது ஆயா நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி, ஓரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். இறங்கி நானும் நாலு கல் எடுத்துப் போட்டேன்.

"எந்த ஊரு தம்பி?"

"மெட்ராஸ், ஆயா."

"அங்க அரிசி கிலோ இன்னா வெல?"

சொன்னேன். கையிலிருந்த கல்லை வைக்காமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.