எங்கள் தொகுதி எம்.பி.

"பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாருங்கோ" என்று பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டார்கள். கிரிக்கெட், விடுதிச் சாப்பாடு, பக்கத்து மகாஜனாக் கல்லூரிக்காரரோடு வந்த வாய்ச்சண்டை எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். ஆகவே நான் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை யூனியன் கல்லூரியின் இன்னொரு பழைய மாணவரைப் பற்றி எழுதுகிறேன். நாங்கள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அதே தெல்லிப்பழையில் படித்தவர். எங்கள் காங்கேசன்துறைத் தொகுதியின் எம்.பி. சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம். ஊருக்குத் தந்தை செல்வா.

அவரும் ஒரு வெளிநாட்டுப் பிள்ளைதான். 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவில் ஈப்போவில் பிறந்தவர். தகப்பன் அங்கே உழைக்க, தாய் பிள்ளைகளைப் படிப்பிப்பதற்காக ஊருக்குக் கூட்டி வந்தார். படிப்புக்காக வெளிநாட்டிலிருந்து தெல்லிப்பழைக்கு வந்த காலமும் ஒன்று இருந்தது என்று இங்கே, வெளிநாட்டில் பிறந்த என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். யூனியனுக்குப் பிறகு யாழ்ப்பாணம் பரியோவான், கொழும்பு சென். தோமஸ், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், வெஸ்லி கல்லூரியில் ஆசிரியர் வேலை, அப்புறம் சட்டம். சிவில் வழக்குகளில் பெயர் எடுத்து, மூத்த வழக்கறிஞருக்குக் கொடுக்கிற கியூ.சி. பட்டமும் பெற்றார். 1947இல்தான் முதன்முதலாக எங்கள் தொகுதியில் வென்றார்.

அவர் ஜி.ஜி. பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸில் இருந்தவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பர் 18இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாழ்ப்பாணத்து வாக்காளருக்கு நேரடியாக ஒரு நட்டமும் இல்லாத விஷயத்துக்காகக் கட்சியை உடைத்த மனிதர் என்பதை இன்று யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. 1952 தேர்தலில் காங்கேசன்துறை அவரைத் தோற்கடித்தது. எங்கள் ஊரார் அந்த வருடத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

1956இல் சிங்களம் மட்டும் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாளில், ஜூன் 5ஆம் திகதி, கொழும்பு காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வருடம் ஜூலை 26இல் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவோடேயே இருந்து பேசி ஒப்பந்தம் போட்டார். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், குடியேற்றத்தில் சபைகளுக்கு அதிகாரம். கேட்டது சமஷ்டி, அதாவது கூட்டாட்சி; எழுதியது அதிலும் குறைவு. இருந்தும் கையெழுத்து வைத்தார். அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே.ஆர். ஜயவர்த்தன கண்டிக்கு நடை கட்டினார். 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமரின் வீட்டு வாசலில் போய்க் குந்தியிருந்து ஒப்பந்தத்தைக் கைவிட வைத்தார்கள். பார்க்கப்போனால் அதுவும் சத்தியாக்கிரகம்தான்! ஒரே நாளில் பலித்த சத்தியாக்கிரகம். எங்களுடையது ஏன் பலிக்கவில்லை என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1961 எனக்கு நினைவில்லை, கைக்குழந்தை. ஆனால் பெரியம்மா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். அந்த வருடம் ஜனவரியிலிருந்து நிர்வாகம் முழுக்கச் சிங்களத்தில் என்று அரசாங்கம் தொடங்கியதும், பெப்ரவரி 20இல் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் மறியல் ஆரம்பித்தது. முதல் நாள் பொலிஸ் குண்டாந்தடியால் அடித்துத் தூக்கி எறிந்தது. அடுத்த நாள் கூட்டம் இன்னும் கூடியது. பெரியம்மா அயல் பெண்களோடு பஸ் ஏறிப் போனார். கையில் ஒரு பன்பாய், ஒரு குடை, வாழையிலையில் கட்டிய புளிச்சாதம். "நாங்கள் சும்மா இருந்தோம் பிள்ளை, அதுதான் வேலை" என்பார். சும்மா இருப்பது லேசில்லையாம். தார் றோட்டுச் சூடு பாயைத் தாண்டி வரும். சிறுநீர் கழிக்கக்கூட முறை வைத்துத்தான் எழும்ப வேண்டும், இடம் விட்டால் வழி திறந்துவிடும். இப்படி வாரக்கணக்காகக் கச்சேரி நடக்கவில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா எல்லா இடமும் பரவியது. ஏப்ரல் 14இல் தமிழரசுத் தபால் சேவை என்று சொந்த முத்திரையே வெளியிட்டார்கள். சட்டம் தெரிந்த கியூ.சி. ஒருவர் தபால் கட்டளைச் சட்டத்தை மீறித் தானே முத்திரை விற்றார். மூன்று நாளில் அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்கள் எல்லாரும் பனாகொடை இராணுவ முகாமில் தடுப்புக்காவல்.

1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்காவோடு இரண்டாவது ஒப்பந்தம். அதற்கும் அதே கதிதான், விரித்து எழுதத் தேவையில்லை.

என் சொந்த நினைவு 1975 இடைத்தேர்தல். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1972 மே மாதம் குடியரசு யாப்பு வந்தது. தமிழர் அதை ஏற்கவில்லை என்று காட்ட, அக்டோபர் 3ஆம் திகதி அவர் தன் பதவியை விட்டார். "இந்த யாப்பை வைத்து என்னோடு போட்டியிட்டுப் பாருங்கள், எங்கள் சனம் தீர்ப்புச் சொல்லட்டும்" என்பதுதான் சவால். அரசாங்கம் தேர்தலை வைக்கவே இல்லை. இரண்டு வருடமும் நாலு மாதமும் எங்கள் தொகுதிக்கு எம்.பி. கிடையாது. அந்த இடைவெளியில்தான் எங்கள் வகுப்பு வளர்ந்தது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்திருந்தது. மருத்துவத்துக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் தெரியும். 1974 ஜனவரியில் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் பொலிஸ் புகுந்ததில் யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போயின. ஜூன் மாதம், ஆயுத வழிக்குப் போன இளைஞர் சிவகுமாரன் பொலிஸ் சுற்றி வளைக்க சயனைட் கடித்துச் செத்தார். பின் வாங்கிலிருந்த அண்ணாமார் பலருக்குத் தந்தை செல்வா என்றால் ஒரு மாதிரிச் சலிப்பு. "கிழவர் இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்பார்கள்.

தேர்தல் கூட்டம் ஒன்று அம்பனைப் பக்கம் நடந்தது. எனக்குப் பதினைந்து வயது; சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நின்றேன். கட்சியின் அமிர்தலிங்கம் பேசினார், ஊர் அதிர்ந்தது. பிறகு இரண்டு பேர் தோளில் பிடித்துச் செல்வநாயகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெள்ளை வேட்டி, சால்வை, தடித்த கண்ணாடி. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தார்கள். காற்றுத்தான் வந்தது. பக்கத்தில் நின்றவர் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, அதை உரத்துத் திருப்பிச் சொன்னார். சனம் கை தட்டியது. எனக்கு முன்னால் குந்தியிருந்த ஓர் ஆச்சி திரும்பி எங்களுக்குப் பேச்சு: "தட்டாதேங்கோடா, அவர் சொல்லுறது எனக்குக் கேக்கேல்லை." எங்களுக்கும் கேட்கவில்லைத்தான். ஆனால் அப்புறம் ஒருவரும் தட்டவில்லை. கடைசிவரை அந்தக் காற்றையே கேட்டுக்கொண்டு நின்றோம்.

பெப்ரவரி 6இல் வாக்கெடுப்பு. அவருக்கு 25,927, எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. தமிழர் தனியரசுக்கான ஆணை இது என்று அவர் அறிவித்தார். சமஷ்டிக்காகக் கட்சி தொடங்கியவர், எழுபத்தாறு வயதில், வாக்குச்சீட்டின் வழியாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஐந்து மாதம் கழித்து யாழ்ப்பாண மேயர் துரையப்பா பொன்னாலைக் கோயில் வாசலில் ஆயுதம் எடுத்த தமிழ் இளைஞரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வருடத்தில் இரண்டும். எங்கள் வகுப்பில் எதைப் பற்றி அதிகம் கதைத்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

அவரில் எனக்குக் குறை இல்லாமல் இல்லை. 1968இல் எங்கள் மாவிட்டபுரத்தில், கோயிலுக்குள் போகவிடு என்று ஒடுக்கப்பட்ட சாதியினர் வாசலில் நின்றபோது முன்னுக்கு நின்றவர்கள் இடதுசாரிகள். கச்சேரி வாசலை மறித்த கட்சி கந்தசாமி கோயில் வாசலுக்கு அதே வேகத்தோடு வரவில்லை. சொந்தத் தொகுதிக்குள் நடந்த விஷயம். தந்தை என்று கூப்பிடுகிறோம் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனமில்லை.

1976 மே 14இல் பண்ணாகத்தில் நடந்த மாநாட்டில் தனித் தமிழீழம் கேட்கும் வட்டுக்கோட்டைத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. அடுத்த வருடம் ஏப்ரல் 26இல் காலமானார். யாழ்ப்பாணம் முற்றவெளியில் தகனம். தெல்லிப்பழையிலிருந்து தட்டிவான், சைக்கிள், நடை என்று கிடைத்ததில் சனம் போனது; சாகும்வரை கிறிஸ்தவராகவே இருந்தவருக்காக இந்துக் குடும்பங்கள் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்ததை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களில் வென்றது. எங்கள் தொகுதி அமிர்தலிங்கத்துக்குப் போனது. பின் வாங்கு அண்ணாமார் சிலர் அதற்குள் வேறு வழி பார்த்துவிட்டார்கள். 1990இல் தொகுதியே இடம்பெயர்ந்தது, கல்லூரியும் சேர்ந்துதான்.

முற்றவெளியில் உள்ள அவருடைய நினைவுத் தூபியை விடுமுறைக்கு ஊர் போகிற எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். 1957 ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் பெற்றோருக்கே தெரியவில்லை. சங்கச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மலரில் அதை முழுதாக அச்சிடுங்கள். நீளமானதல்ல, இரண்டு விளம்பரப் பக்கத்தைக் குறைத்தால் இடம் வரும்.