டாட் இன் பெயரை மீட்டது எப்படி?

காசிமேட்டில் எங்களுக்கு மீன்வலைக் கடை. நைனா வைத்த பெயர். வலை, கயிறு வகைச் சரக்குக்கான 22-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிவும் உண்டு. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் ஆர்டர் எடுக்க வெப்சைட் போடலாம் என்று பார்த்தால், எங்கள் பெயரிலேயே டாட் இன்னை (.in என்று முடியும் வெப்சைட் முகவரியை) யாரோ எடுத்து வைத்திருந்தார். திறந்தால் வேறு கம்பெனி வலைகளின் விளம்பரம். மேலே, ‘இந்தப் பெயர் விற்பனைக்கு’.

விலை கேட்டு மெயில் போட்டேன். ஒன்றரை லட்சமாம்! வருஷத்துக்குச் சில நூறு ரூபாய் கட்டி வைத்திருக்கிற பெயருக்கு. நைனா, பேரம் பேசிப் பாரேன் என்றார். தம்பு செட்டித் தெரு வக்கீல்தான், “அந்த மெயிலை அழிச்சிடாதீங்க தம்பி, கேஸே அதுதான்” என்றார்.

டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது டெல்லியில் உள்ள நிக்சி. கோர்ட்டுக்குப் போகாமல் அங்கேயே புகார் கொடுக்கலாம். ஒரு நடுவரை நியமிப்பார்கள். நாம் காட்ட வேண்டியது: பெயர் நம் மார்க்கைப் போலவே இருக்கிறது, அதன் மேல் அவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தில் எடுத்தார் அல்லது பயன்படுத்துகிறார். அவர் ஒன்றரை லட்சம் கேட்ட மெயில் இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் ஆதாரம். இந்த ‘அல்லது’ நமக்குச் சாதகம். டாட் காம் என்றால் இரண்டையும் காட்ட வேண்டும். டொமைன் பெயருக்கும் (வெப்சைட் முகவரிப் பெயருக்கும்) டிரேட்மார்க் போலப் பாதுகாப்பு உண்டு என்று 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் வக்கீல் சேர்த்தார். அதுவும் சென்னைக் கம்பெனி போட்ட கேஸ்தான்.

ஆதாரம் தேடுவதுதான் பெரிய வேலை. பரணிலிருந்து பழைய பில் புக்குகளை இறக்கினோம். கடல்காற்றில் கார்பன் காப்பி வெளுத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. தாள் தாளாகப் பிரித்து ஸ்கேன் செய்தோம். லாரி பார்சல் ரசீதுகள் நன்றாக உதவின; கடைப் பெயர், ஊர், தேதி மூன்றும் அதில் தெளிவாக இருந்தன.

அப்புறம் எல்லாம் மெயிலிலேயே நடந்தது. எதிராளி பதிலே போடவில்லை. கொடுத்த ஆதாரத்தை வைத்தே நடுவர் பெயரை எங்களுக்கு மாற்றச் சொன்னார். நஷ்டஈடெல்லாம் இந்த வழியில் கிடைக்காது. பெயரை மாற்றுவார்கள், அல்லது ரத்து செய்வார்கள். நடுவர் கட்டணமும் வக்கீல் பீஸும் சேர்ந்தும் எதிராளி கேட்ட விலையை எட்டவில்லை.

எங்கள் பெயரிலான டாட் காமும் எதிராளியிடம்தான் இன்னும் இருக்கிறது. அதற்கு வைப்போவில் (ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பில்) புகார் கட்டணமே 1,500 டாலர். நைனா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “அந்தக் காசுக்கு நைலான் கயிறு வாங்கிப் போடு” என்றுவிட்டார்.