18 கிலோவாட்டுக்குள் ஆறு சார்ஜர்கள்

சென்னை பெரம்பூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு 18 கிலோவாட். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்குகள் எல்லாம் அதற்குள்தான். 7.4 கிலோவாட் கார் சார்ஜர்கள் ஆறு வேண்டும் என்றதும், மொத்தம் 44 கிலோவாட்டைத் தாண்டுகிறது, மின்பளுவைக் கூட்டியே ஆக வேண்டும் என்று விலைப்புள்ளி கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள்.

ஆனால் இரவு பத்து மணிக்கு வந்து நிற்கும் கார் காலை ஆறு வரை சும்மாதான் நிற்கிறது. 10 ஆம்பியர் கிடைத்தாலே எட்டு மணி நேரத்தில் 18 யூனிட் இழுத்துவிடும். பெரம்பூரிலிருந்து சிறுசேரி போய்த் திரும்பவே அது தாராளம். ஆகவே, மின்பளுவைத் தொடாமல், இருப்பதைப் பங்கிடும் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கினோம். மெயின் கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று ஃபேஸ் கம்பிகளிலும் மாட்டிய சி.டி. வளையங்கள், ஒவ்வொன்றிலும் கட்டடம் இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கின்றன. மிச்சம் எவ்வளவோ அதைக் கருவி சார்ஜர்களுக்குப் பிரித்துத் தருகிறது. ஒரு காருக்கு 6 ஆம்பியருக்குக் குறைவாகக் கொடுக்க சர்வதேசத் தரவிதியில் இடமில்லை. மிச்சம் அதற்கும் போதாவிட்டால் ஒன்றை நிறுத்திவைத்து, பிறகு முறை மாற்றும்.

இவ்வளவு செய்தும் விடியற்காலையில் மோட்டார் ஓடும்போதெல்லாம் மெயின் பிரேக்கர் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். எல்லாக் கார்களையும் கழற்றச் சொல்லிவிட்டு, ஒன்றை மட்டும் மாட்டினார். "சார், கார் மஞ்சள் ஃபேஸில் இருக்கிறது. திரையில் சிவப்பு ஏறுகிறது பாருங்கள்" என்றார். நிறுவியவர்கள் இரண்டு வளையங்களை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். மஞ்சளில் நெருக்கடி வந்தால் சிவப்பில் இருந்த கார்களைக் கருவி குறைத்துக்கொண்டிருந்தது! ஒவ்வொரு சார்ஜராகச் சோதித்து, ஃபேஸ் நிறத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் அவர் கிளம்பினார். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் தகும்.

இப்போது மோட்டார் ஓடும்போது திரையில் 10 என்பது 8 ஆகிறது, நின்றதும் திரும்ப ஏறுகிறது. பிரேக்கர் விழுவதில்லை.

சாதாரண சாக்கெட்டில் மாட்டும் ஸ்கூட்டர்கள் இந்தக் கருவியின் பேச்சைக் கேட்காது. அவற்றுக்கு டைமர் வைத்து, லிஃப்ட் ஓயும் பதினொரு மணிக்கு மேல் மின்சாரம் விடுகிறோம். சார்ஜர்களைத் தூணில் நெஞ்சுயரத்துக்கு மேல் மாட்டியிருக்கிறோம். மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும்.