பாண்டிக்குப் போனால் மரப்பாலத்துக்குத் தெற்கே போங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து பாண்டிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ராக் பீச்சில் நின்று போட்டோ எடுத்து, ஒயிட் டவுனை ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடல் பார்த்த மாதிரியும் இருக்கும், பார்க்காத மாதிரியும் இருக்கும். அங்கே கருங்கல் அதிகம், மணல் குறைவு. மணல் வேண்டுமென்றால் தெற்கே தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம், வீராம்பட்டினம், நோணாங்குப்பம் பக்கம் போக வேண்டும். துறைமுகம், அலையாத்திக் காடு, முகத்துவாரம், கடற்கரை எல்லாம் கடலூர் சாலையை ஒட்டியே வரிசையாக இருக்கின்றன.

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாக 200 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். தருமபுரிக்காரர்களுக்கு அரூர், தானிப்பாடி, தண்டராம்பட்டு வழியாகத் திருவண்ணாமலையைப் பிடிப்பது சுற்று குறைவு. பெங்களூர்–பாண்டி பஸ்கள் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகின்றன. கிளம்பும் முன் காலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பாருங்கள். கிரிவல நாளில் திருவண்ணாமலையில் வண்டிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடுவார்கள். ஐந்து மணி நேரப் பயணம் எட்டு மணி நேரமாகும். கார்த்திகை தீபத்தன்று அந்த வழியை நினைக்கவே வேண்டாம்.

முதலில் துறைமுகம். மரப்பாலம் சந்திப்பிலிருந்து கிழக்கே திரும்பினால் தேங்காய்த்திட்டு. பொழுது விடியும்போது போனால்தான் படகு வருவதையும் ஏலத்தையும் பார்க்கலாம்; ஒன்பது மணிக்கு மேல் ஈரத் தரைதான் மிச்சம். மீன் கழுவிய தண்ணீர் எப்போதும் ஓடும், ஷூ வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் செருப்பு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி லீவில் குடும்பத்தோடு வருகிறவர்கள் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடப்பதைத்தான் பார்ப்பார்கள்.

துறைமுக வாயிலில் கடலுக்குள் நீளும் கற்சுவர்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். ராக் பீச்சில் மணல் போனதற்கு முக்கியக் காரணம் இவைதான். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை, மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் இந்தச் சுவர்கள் வந்த பிறகு, வருகிற மணல் தென்பக்கமே தேங்கியது. வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரத்துப் பக்கம் அரித்தது. தேங்கிய மணல் சுவரைச் சுற்றி வாயிலுக்குள்ளும் வந்து விழும். அதனால் அடிக்கடி தூர்வார வேண்டும். தாமதமானால் படகு தரை தட்டும். பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலில் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கிக் கொஞ்சம் மணலை மீட்டது.

துறைமுகத்தை ஒட்டியே அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது வெண்கண்டலின் மூச்சுவேர். சேற்றில் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. அதை மிதித்து நடக்காதீர்கள், முறிந்துவிடும். தண்ணீர் வற்றிய நேரத்தில் போனால் சேற்றில் கொக்கும் நாரையும் இரை தேடுவதைப் பார்க்கலாம். தண்ணீர் ஏறிய நேரத்தில் போனால் வெறும் பச்சைதான்.

அடுத்து அரியாங்குப்பம். வீராம்பட்டினம் போகும் சாலையில் காக்காயந்தோப்பு பக்கம் திரும்பினால் பழங்காலத் துறைமுக ஊரான அரிக்கமேடு. 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டி ரோமானிய அம்போரா ஜாடித் துண்டுகளை எடுத்த இடம். பிறகு கசால் 1947–50-லும், விமலா பெக்லி 1989–92-லும் தோண்டினார்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போங்கள்; குழிகளை மூடிவிட்டார்கள். மாந்தோப்புக்குள் நிற்கும் செங்கல் சுவரைப் பலரும் ரோமானியர் கட்டியது என்று சொல்லிச் செல்ஃபி எடுக்கிறார்கள். அது 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடம். மணிகளையும் பானை ஓடுகளையும் பார்க்க வேண்டுமானால் பாரதி பூங்கா பக்கத்து மியூசியத்துக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை தவிர.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கரையில் வலையும் கட்டுமரமும் காயும் இடத்தில் துண்டை விரிக்காமல் தள்ளி உட்காருங்கள். ஆடி ஐந்தாம் வெள்ளி செங்கழுநீர் அம்மன் தேர். அன்று கூட்டம் நெரியும்.

ஒகேனக்கல்லில் நீந்திப் பழகியவர்களுக்குத்தான் இங்கே ஆபத்து அதிகம். ஆற்றில் நீரோட்டம் ஒரே பக்கம் போகும், கடலில் கரைக்கு வந்த தண்ணீர் எங்கோ ஓர் இடத்தில் கூடித் திரும்ப ஓடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் மட்டும் அலை உடையாமல் மண் கலங்கிய பட்டையாகத் தெரிந்தால் அதுதான் அந்த இழுப்பு. அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் புதியவர்கள் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், களைத்துப் போவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் கரைக்குத் திரும்புங்கள். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நிற்பது நல்லது.

நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு போட் ஹவுஸ். கடலூர் டவுன் பஸ்ஸில் "போட் ஹவுஸ்" என்றால் இறக்கிவிடுவார்கள். வரும் வழியில் செஞ்சியில் கடந்த சங்கராபரணிதான் கடைசியில் அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று பிரிந்து கடலில் சேர்கிறது. முகத்துவார மணல்திட்டான பாரடைஸ் பீச்சுக்குப் படகில் கூட்டிப்போவார்கள். அங்கே நிழல் குறைவு. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மேல் போனால் டிக்கெட் வரிசையிலேயே வெயில் முழுவதும் தலையில் இறங்கும். காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். திரும்பும் கடைசிப் படகு எப்போது என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வானிலை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த இரண்டு நாளுக்குள் ஊத்தங்கரையிலேயே 50 செ.மீ. மழை கொட்டியது. கடலோரம் மட்டுமல்ல, வீடு திரும்பும் சாலையும் தண்ணீருக்குள் போகும்.

மீன் வாங்கி வருகிறவர்களுக்கு: செவுள் சிவப்பாக, கண் பிதுங்கித் தெளிவாக, வயிறு அழுத்தினால் மேலெழும்ப வேண்டும். குடலும் செவுளும் எடுக்கச் சொல்லுங்கள், துண்டு போட வேண்டாம். துண்டு போட்டால் பனி கரைந்த தண்ணீரில் ருசி போய்விடும். 5 கிலோ மீனுக்கு 5 கிலோ உடைத்த பனி. தெர்மோகோல் பெட்டியில் அடியில் பனி, மேலே மீன், அதன் மேல் பனி. பெட்டியின் மூலையில் சின்ன ஓட்டை போடுங்கள், மீன் தண்ணீரில் ஊறக்கூடாது. காரில் போகிறவர்கள் அடியில் ஒரு தட்டு வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்துக்கு டிக்கி நாறும். காலையில் வாங்கி மாலையில் கிளம்புவதானால் மதியம் ஒருமுறை பனி மாற்றுங்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் பயணத்துக்கு ஆகாது; சூடு பட்டால் அதில் ஹிஸ்டமின் கூடும், சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், வேகவைத்தாலும் போகாது. சங்கரா, கொடுவா தாங்கும்.

பெட்டிக்குள் பனிக்கு அடியில் மது பாட்டில் வைக்கிற வேலை வேண்டாம். எல்லைச் சோதனையில் முதலில் திறக்கச் சொல்வதே மீன் பெட்டியைத்தான்.