பாகூர்ப் பக்கத்து மணல் ஈக்கள்: கணக்கெடுப்பு நாட்குறிப்பு

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

புதுச்சேரியின் பாகூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் மாதந்தோறும் நாங்கள் நடத்திவரும் மணல் ஈ கணக்கெடுப்பின் குறிப்புகளை இன்று முதல் இங்கே பதிவிடுகிறேன். மணல் ஈ பரப்பும் சண்டிப்புரா வைரஸால் குஜராத்தில் குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து, அந்தப் பூச்சி நம் பக்கத்திலும் உண்டா என்று பலரும் கேட்கிறார்கள். உண்டு. வட இந்தியாவில் காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலைப் பரப்பும் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ் என்ற இனமே இங்கும் மாட்டுக் கொட்டகைகளில் வாழ்கிறது. ஆனால் அந்த நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணி பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளில் பரவியதுபோல் இங்கே பரவிக்கொண்டிருக்கவில்லை. நோயில்லாத ஊரில் எதற்கு இந்த வேலை என்று கேட்போருக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. நோய் வந்த பிறகு எண்ணத் தொடங்கினால், கிடைக்கும் எண்ணிக்கை அந்த ஊரின் வழக்கமான அளவா, வழக்கத்தை மீறியதா என்று சொல்ல நம்மிடம் எந்த ஆதாரமும் இருக்காது.

2024 ஆகஸ்ட் 7, புதன்

நேற்று மாலை ஆறு மணிக்குக் கொட்டகையில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் விளக்குப் பொறியைக் கட்டினோம். சிறிய பல்பு, கீழ்நோக்கி இழுக்கும் விசிறி, ஆறு வோல்ட் மின்கலம், அடியில் மெல்லிய துணிப்பை: பொறி என்பது இவ்வளவே. கொசுவைப் பிடிக்கும் பையின் துணி இதற்குப் போதாது. இரண்டு மூன்று மில்லிமீட்டரே உள்ள இந்த ஈ, சாதாரணக் கொசுவலையின் கண்ணிலும் நுழைந்துவிடும். வலைக்குள் படுத்தும் கடி வாங்குபவர்கள் வலை கிழிந்திருப்பதாக நினைத்துக்கொள்வது இதனால்தான்.

விடிந்ததும் பையை அவிழ்த்துவிட்டு, டார்ச்சும் உறிஞ்சு குழாயுமாகச் சுவரைத் தேடத் தொடங்கினோம். மண்சுவரும் பனங்கை மரமும் சேரும் மூலையில் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தபோது ஒன்று தென்பட்டது. உடலெல்லாம் மயிர், கொசுவைப்போல் சிறகைப் படுக்கவைக்காமல், இரண்டையும் மேலே உயர்த்திப் பிரித்து வைத்திருந்தது. குழாயை நெருக்கியதும் பறந்து போய்விடாமல் ஒரு சாண் தூரம் தத்தி மீண்டும் சுவரிலேயே அமர்ந்தது. இந்தத் தத்தல் முக்கியமானது. உயரமாகவும் தொலைவாகவும் பறக்கும் திறன் இதற்கு இல்லை என்பதால்தான் பீகாரில் மருந்தடிப்பவர்கள் சுவரில் ஆறடி உயரம் வரை அடித்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள்.

"கொசுவுக்கு மருந்தடிக்காம இதைப் பிடிச்சுட்டுப் போயி என்ன தம்பி பண்ணுவீங்க?" என்று வீட்டுக்கார அம்மாள் கேட்டார். கேள்வி நியாயமானது. கொட்டகை மூலையில் சேரும் சாணத்தையும் ஈரக் குப்பையையும் வாரிவிட்டு, சுவர் வெடிப்புகளைப் பூசி வைத்தால், முட்டையிடவும் பகலில் ஒளியவும் இதற்கு இடம் குறையும் என்று சொன்னேன். மருந்து எங்கே தேவை, எப்போது தேவை என்று தெரிந்துகொள்ளத்தான் பிடிக்கிறோம் என்றும் சொன்னேன்.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளி

இன்று முழுவதும் நுண்ணோக்கி முன்னால். வயிற்றுப் பகுதியின் மேற்புற மயிர் நிமிர்ந்து நின்றால் ஃபிளெபோடோமஸ், படிந்திருந்தால் பெரும்பாலும் பல்லி, ஓணான் முதலியவற்றைக் கடிக்கும் செர்ஜென்டோமியா என்று முதலில் பிரிக்கலாம். ஆனால் இனத்தை உறுதிசெய்ய அது போதாது. பெண் ஈயின் உடலைத் தெளியவைத்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, ஆணிடமிருந்து பெற்ற விந்தைச் சேமித்துவைக்கும் விந்துப்பையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அர்ஜென்டிபெஸில் அது கோத்த மணிகளைப்போல் வளையம் வளையமாக இருக்கும். அவசரப்பட்டு எல்லாவற்றையும் 'மணல் ஈ' என்று ஒரே எண்ணாக எழுதிவைக்கும் அறிக்கைகளை நான் மதிப்பதில்லை. மனிதரைக் கடிப்பதையும் ஓணானைக் கடிப்பதையும் ஒன்றாகக் கூட்டிய எண்ணிலிருந்து நோய் அபாயத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட குறிப்பின்படி, ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் 15 வரை இந்தியாவில் 245 பேருக்குக் கடும் மூளை அழற்சி கண்டறியப்பட்டு, அவர்களில் 82 பேர் இறந்திருக்கிறார்கள். சண்டிப்புரா என உறுதியானவை 64. நாக்பூர் அருகிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரால் 1965 முதல் அறியப்பட்ட வைரஸ் இது. இதற்கெனத் தனி மருந்தோ தடுப்பூசியோ இல்லை. எண்களைப் படித்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை.

2024 செப்டம்பர் 12, வியாழன்

இரவு இடிமழை. ஒரு வீட்டில் ஒரு ஈ கூடக் கிடைக்கவில்லை. படிவத்தில் சுழி என்று எழுதினோம்.

2024 அக்டோபர் 8, செவ்வாய்

பிற மாநிலங்களிலிருந்து இங்கே கட்டுமான வேலைக்கு வந்திருப்பவர்களால் கருங்காய்ச்சல் வந்துவிடுமோ என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியில் அச்சத்தோடு வெறுப்பும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக விரிவாகவே பதில் சொன்னேன். இந்த நோய் தமிழ் மண்ணுக்குப் புதிதல்ல. 1903இல் மருத்துவர் சார்லஸ் டொனோவன் இந்த ஒட்டுண்ணியை நோயாளிகளிடம் கண்டது சென்னை மருத்துவமனையில்தான். லீஷ்மேனியா டொனோவனி என்று அவர் பெயரே அதன் அறிவியல் பெயரில் நிற்கிறது. ஈதான் கடத்துகிறது என்பதை 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரும் ஐயமற நிறுவினார்கள். மலேரியாவுக்கென்று அடித்த டி.டி.டி. பூச்சிமருந்து மணல் ஈயையும் அடக்கியதால் அருகிப்போன நோய், தெளிப்பு நின்றபின் 1970களில் பீகாரில் பெரும் வேகத்தோடு திரும்பியது. நெடுநாள் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் உள்ள தொழிலாளியை அன்போடு மருத்துவமனைக்கு அழைத்துப்போவதே அவருக்கும் ஊருக்கும் செய்யும் நன்மை.

2024 டிசம்பர் 6, வெள்ளி

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பின், சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டது. ஆற்றங்கரை ஊர்களின் கொட்டகைகளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தடம் சுவரில் தெரிகிறது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச்சென்றவர்கள் இன்னும் திரும்பவில்லை. இந்த நிலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பொறி கட்டுகிறோம் என்று நிற்க எனக்கு மனம் வரவில்லை. குழுவினரும் அதையே சொன்னார்கள். இந்த மாதப் படிவத்தில் அந்த வீடுகளுக்கு 'சேகரிப்பு நடைபெறவில்லை' என்று காரணத்தோடு எழுதினோம். கட்டத்தை வெறுமையாக விட்டால், பின்னால் கணினியில் ஏற்றும் யாரோ ஒருவர் அதைச் சுழியாக்கிவிடுவார். வெள்ளம் ஈக்களை அழித்துவிட்டது என்று அதிலிருந்து ஒரு முடிவும் பிறந்துவிடும். செப்டம்பரில் எழுதிய சுழி, தேடியும் கிடைக்காத சுழி.

2025 ஜனவரி 9, வியாழன்

தொடர்ந்து பார்த்துவந்த வீடு ஒன்றில் பழைய கொட்டகை விழுந்துவிட்டது. அதே இடத்தில் சிமென்ட் தரையும் தகரக் கூரையுமாகப் புதிது எழும்பியிருக்கிறது. இனி இங்கே ஈ கிடைக்காது, அடுத்த தெருவில் கூரைக் கொட்டகை உள்ள வீட்டுக்கு மாறிவிடலாம் என்று குழுவில் ஒரு யோசனை வந்தது. நான் உடன்படவில்லை. ஈ கிடைக்கும் வீடாகப் பார்த்து மாறிக்கொண்டே போனால், ஊரெல்லாம் சிமென்ட் தரையாகி ஈக்கள் குறைந்த பிறகும் நம் ஏட்டில் எண்ணிக்கை குறையவே குறையாது. பேசி முடித்தபின், பழைய வீட்டை அதே எண்ணோடு தொடர்வது, கொட்டகை மாறிய தேதியைக் குறிப்புப் பத்தியில் எழுதுவது, அடுத்த தெரு வீட்டைப் புதிய எண்ணில் இந்த மாதத்திலிருந்து தனியாகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று.