பஞ்சு மில்லா, பாய்லரா

எங்கய்யனுக்கு டிபி என்று 2018இல் சொன்னார்கள். சளியில் கிருமி எதுவும் சிக்கவில்லை, எக்ஸ்ரேயைப் பார்த்தே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் விழுங்கினார். சத்துணவுக்கென்று அரசாங்கம் அப்போது போட்ட மாதம் 500 ரூபாயும் கணக்கில் ஏறியது. மாத்திரை முடிந்த பிறகும் பவானி சந்தைக்கு நடந்து போனால் வழியில் ரெண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போனார். "பீடியை விடச் சொல்லுங்க" என்றார்கள். அவர் பீடியை விட்டுப் பத்து வருசமாகியிருந்தது.

கோயம்புத்தூரில் பார்த்த நுரையீரல் டாக்டர்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார். "என்ன வேலைக்குப் போயிட்டிருந்தீங்க?"

"லேக்கிங் வேலைங்க. அனல் மின் நிலையத்துல."

டாக்டர் முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டினார். அய்யன் மூச்சை இழுக்கும்போதெல்லாம், என் பையன் பள்ளிக்கூடச் செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிய்க்கிற அதே சத்தம்.

லேக்கிங் என்றால் தெரியாதவர்களுக்கு: பாய்லரிலிருந்து டர்பைனுக்குப் போகும் நீராவிக் குழாய்களுக்குச் சூடு வெளியே போகாமல் போர்வை போர்த்துகிற வேலை. வருசாந்திர ஓவர்ஹாலுக்கு யூனிட்டை நிறுத்தும்போது எங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு மேஸ்திரியோடு கிளம்புவார்கள். 1984 முதல் 2009 வரை அய்யன் அந்த கேங்கில் இருந்தார். பழைய போர்வையை உளி வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்துத் தட்டினால் தூசி அடங்கும், ஆனால் வேலை நீளும். அதனால் காயவைத்தே தட்டினார்கள். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி, கோழிவலை கட்டி, பாதியாக வெட்டிய பீப்பாயில் ஆஸ்பெஸ்டாஸ் பொடியைக் கையாலேயே குழைத்துப் பூசுவார்கள். மூக்குக்குத் துண்டு. அவ்வளவுதான் பாதுகாப்பு. கடைசி சில வருசங்களில் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பதிலாக ராக்வூல் என்ற பாறைப் பஞ்சு வந்துவிட்டது, ஆனாலும் தட்டி எடுத்தது பழைய சரக்கைத்தான்.

வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். "பஞ்சு மில்லுக்குப் போறாரா உங்கய்யன்?" என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் ஊரில் வெள்ளையாக வந்தால் மில்லு என்றுதான் நினைப்பார்கள்.

ஸ்கேனில் நுரையீரலின் கீழ்ப்பாகம் நார் பிடித்திருந்தது. அதைச் சுற்றியுள்ள உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், இருக்க வேண்டியதில் 58 சதவீதம். சதை வெட்டிப் பரிசோதிக்க வேண்டாம், வேலை விவரமும் ஸ்கேனும் போதும் என்றார் டாக்டர். "ஆஸ்பெஸ்டோசிஸ், வேலையால் வந்தது" என்று லெட்டர் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் நார் பிடிப்பதற்குத்தான் அந்தப் பேர். இந்த வரி எழுதி வாங்காமல் யாரும் வீடு திரும்பாதீர்கள்.

ஒப்பந்ததாரர் இஎஸ்ஐ கட்டவே இல்லை. தொழிற்சங்கத்தில் இருந்த ஒறம்பரை ஒருவர்தான் 2025 வரை நடப்பில் இருந்த 1923ஆம் வருசத்து இழப்பீட்டுச் சட்டத்தைச் சொன்னார். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் ஆஸ்பெஸ்டோசிஸ் இருந்தது. ஒப்பந்ததாரர் ஓடிப்போனாலும் வேலை வாங்கிய நிலையமே பொறுப்பு என்றிருந்தது. நாம் குடியிருக்கும் பகுதியின் தொழிலாளர் துணை ஆணையரிடமே மனு போட முடிந்தது, நிலையம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. இது தெரியாமல் நான் ரயிலுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மனு போட ரெண்டு வருசம்தான் கெடு என்றிருந்தது. வேலையை விட்ட ரெண்டு வருசத்துக்குள் அறிகுறி தெரிய வேண்டும் என்றும் இருந்தது. இந்தத் தூசி உள்ளே போய் நோயாக வெளியே தெரிய இருபது, முப்பது வருசம் ஆகும். சட்டம் எழுதியவர்களுக்கு இதை யார் சொல்வது? தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையருக்கு அதிகாரம் இருந்தது. டிபி என்று தப்பாகச் சொன்ன சீட்டுகளே எங்களுக்குக் காரணமாக உதவின. அவற்றைக் கிழித்துப்போட இருந்தேன், நல்லவேளை.

அடுத்து, வேலை செய்ததற்கு ஆதாரம். அம்மா ட்ரங்குப் பெட்டியில் பழைய கேட் பாஸ்களைப் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தார். பதினொன்று. வேர்வையில் மை ஊறி, நாலைந்தில் தேதியே இல்லை. மூணு வருசத்துக்கு பிஎஃப் சீட்டு இருந்தது.

நிலையம் அரசுடையது என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அய்யன் வேலை செய்த விவரம் கேட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர் விவரம் ஒப்பந்ததாரரிடம்தான் இருக்கும் என்று 28ஆம் நாள் பதில் வந்தது. கேள்வியே தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. ரெண்டாவது மனுவில் ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்டோரில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு, துணி, பொடி வாங்கிய பதிவேட்டின் நகலை வருசவாரியாகக் கேட்டேன். சரக்குக் கணக்கை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. பத்துப் பக்கம் வந்தது, கிலோக் கணக்கோடு.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் பீடியைப் பிடித்துக்கொண்டார். பீடிக்கு நுரையீரல் உறையில் இப்படித் திட்டு வராது என்று டாக்டர் வந்து சாட்சி சொன்னார். அவர் வராமல் இருந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். எங்கள் வக்கீல் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை எடுத்து வைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருசம் அல்லது விட்டதிலிருந்து 15 வருசம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். அய்யன் கணக்குக்கு எப்படிக் கூட்டினாலும் 2024. நடந்துகொண்டிருந்தது 2019. "பதிவேடு எங்கே?" என்று ஆணையர் கேட்டார். எதிர்த்தரப்பில் ஃபைலைப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021 கடைசியில் உத்தரவு வந்தது. தொகையை எழுத விருப்பமில்லை. அடகு வைத்த வளையலை மீட்டது போக, மிச்சம் ஆக்ஸிஜன் மெஷினுக்குச் சரியாகப் போனது. கேங்கில் உயிரோடு இருக்கும் அஞ்சு பேரில் ரெண்டு பேர் வந்து என் மனுக்களின் நகலை வாங்கிப் போயிருக்கிறார்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. முதல்நாள் டாக்டர் கிளம்பும்போது இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். "இவர் துணியை யாருங்க துவைச்சது?" அம்மா, நான்தானுங்க என்று கையைத் தூக்கினார். வேட்டியையும் துண்டையும் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று பட்பட்டென்று உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார். வெயிலில் அந்தத் தூசி மினுமினுக்கும், சின்ன வயசில் நான் கைநீட்டிப் பிடித்து விளையாடியிருக்கிறேன்.

அம்மாவின் இடது பக்க உறையிலும் சின்னதாக ஒரு திட்டு இருக்கிறது. மருந்து ஒன்றும் இல்லை, வருசத்துக்கு ஒருதரம் படம் எடுங்க என்றார்கள். அந்த மனுவில் அம்மாவின் பெயரை எழுத இடமில்லை, அவர் யாரிடமும் வேலை பார்த்தவர் இல்லையே. ஆடி பிறந்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன். போன தடவை எக்ஸ்ரே ரூமுக்குள் போகுமுன் என்னிடம் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "நீயும் ஒண்ணு எடுத்துக்க கண்ணு" என்றார்.